தகரம் தட்டுகிறவர்



சென்ற மாதம் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். மகளுக்கு வரன் வந்திருந்தது. பையன் நற்குணமுள்ளவர், பூசை தவறாதவர். "ஆனாலும் சாமி, பட்டம் பெற்ற பெண்ணை ஐ.டி.ஐ. படித்துத் தகரம் தட்டுகிறவனுக்கா கொடுப்பது?" என்றார்.

மறுமொழி கூறுமுன் அவ்விளைஞரின் பட்டறையைப் பார்த்துவிடுவது நலமென்று தோன்றியது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அது இருக்கிறது. இயந்திரங்களுக்கான உலோகப் பெட்டிகளைச் செய்கிறார்கள். தகட்டை லேசர் வெட்டுகிறது, கணினி கட்டளையிடுகிறது. "உமக்கு என்ன வேலை, தம்பி?" என்றேன்.

அவர் 2 மி.மீ. கனமுள்ள தகட்டைக் காட்டினார். "வெளியளவில் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 30 மி.மீ. வருமாறு இதைச் செங்கோணமாக மடிக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவீர்கள், ஃபாதர்?"

"80" என்றேன்.

"தகடு வீண்" என்று சிரித்தார். மடியுமிடத்தில் வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது. மூலையும் வளைந்தே திரும்புகிறது. ஆகையால் ஏறக்குறைய 76½ மி.மீ. போதும். அத்துடன் முடியவில்லை. அழுத்தம் நீங்கியதும் எஃகு சற்றே நிமிரும். அதனால் 90 பாகைக்கு மேல் சிறிது கூடுதலாகவே மடிக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது தகட்டுக்குத் தகடு மாறும். முதல் உருப்படியை மடித்து, அளந்து, திருத்துகிறார். பத்து மடிப்புள்ள பெட்டியில் ஒவ்வொன்றிலும் கால் மி.மீ. பிசகினால் மூடியின் துளைகள் பொருந்தா. மடிக்கும் வரிசை தவறினாலோ, கடைசி மடிப்பு இயந்திரத்திலேயே இடிக்கும்! கணக்கில் நான் என்றுமே சூரனல்லன், வியந்து நின்றேன்.

நாசரேத்தூர் மக்களும் நம் ஆண்டவரைத் 'தச்சர்தானே' என்றே இளக்காரமாகப் பேசினர். மாற்கு நற்செய்தியில் அங்குள்ள கிரேக்கச் சொல் 'தெக்டோன்'. கைத்தொழில் வல்லவரைக் குறிப்பது. 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்நாளில் கருவிகளை மந்திரித்து வாங்குகிறோம். அவற்றைப் பிடிக்கும் கைக்குப் பெண் கொடுக்க மட்டும் தயங்குகிறோம். வருமானத்தை விசாரிப்பது பெற்றோர் கடமை. அதை நான் குறை கூறேன். இங்கே தடையாயிருந்தது வருமானமன்று, ஒரு சொல்.

அத்தந்தையிடம், "நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்றேன். சனிக்கிழமை போய்வந்தார். மறுநாள் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, மாப்பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரத்தை எந்தப் பங்கில் கேட்டு வாங்க வேண்டும் என்றார்.