செக் இன்ஜின் லைட் மினுக்குதா? பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்க!

போன மாதம் அக்கா வளைகாப்புக்காக செங்கல்பட்டிலிருந்து விழுப்புரத்துக்குக் காரில் கிளம்பினோம். மதுராந்தகம் தாண்டியதும் கார் உதற ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்கியது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும். மெதுவா போயிடலாம்" என்றார் அப்பா. பின் சீட்டில் அம்மா, மடியில் சீர்த் தட்டு. திண்டிவனம் வரை அப்படியே ஓட்டி, அதற்கு மேல் முடியாமல் பஸ் ஏறினோம். மறுநாள் காரை டோ செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வந்து பார்த்த ஒர்க்‌ஷாப்காரர், "4 காயில், 4 பிளக், இன்ஜெக்டர் சர்வீஸ்" என்று 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். அப்பா ரிட்டையர் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது. சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், எதுவும் பேசவில்லை.

எதிர் வீட்டு மாமா பழைய மெக்கானிக். "முதல்ல எந்த சிலிண்டர்னு கண்டுபிடிம்மா. அப்புறம் பார்ட்ஸ் வாங்கலாம்" என்றார். அவர் சொல்லித்தந்ததுதான் இந்த வாரம்.

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்களே, அதுதான். நாலு பேர் தூக்கிப் போகும் கட்டிலில் ஒருவர் கையை விட்டால் எப்படி ஆடும்? 4 சிலிண்டரில் ஒன்றில் பெட்ரோல் எரியாவிட்டால் இன்ஜினும் அப்படித்தான் ஆடும். ஸ்பார்க், பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அந்த சிலிண்டரில் சரியில்லை என்று அர்த்தம்.

லைட் மினுக்கினால் ஓட்டாதீர்கள்

லைட் நிலையாக எரிந்தால், சீக்கிரம் செக் செய்யுங்கள். மினுக்கினால், ஓரம் கட்டி ஆஃப் செய்யுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது சூடேறி உருகிவிட்டால், காயில் விலையெல்லாம் சில்லறைக் காசு. திண்டிவனம் வரை ஓட்டியது நாங்கள் செய்த தப்பு.

முதலில் கண்ணால் பாருங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா? காயில் கனெக்டர் லூஸாக இருக்கிறதா? மழையிலோ வாட்டர் வாஷிலோ பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா? சில சமயம் விஷயம் இதிலேயே முடிந்துவிடும்.

ஸ்கேனர் சொல்லும் நம்பர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போன் ஆப்பில் பார்க்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு போன்ற பொதுக் காரணமாக இருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காரில் வந்தது பி0302.

இடம் மாற்றிப் பாருங்கள்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள பெட்ரோல் கார்களுக்கு இது பொருந்தும். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு, நின்ற இடத்திலேயே சில நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். லைட் மினுக்கினால் உடனே ஆஃப் செய்துவிட்டு கோடைப் பாருங்கள்.

கோடு பி0303 என்று மாறினால், காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0302 என்றே வந்தால், பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஸ்பார்க் சரியில்லை. ஆயில் ஈரம் இருந்தால் இன்ஜினுக்குள் வேறு வேலை இருக்கிறது. பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். மரை போனால் செலவு பெரிது.

இரண்டையும் மாற்றியும் கோடு நகரவில்லையா? இன்ஜெக்டர், கம்ப்ரஷன் டெஸ்ட்டெல்லாம் ஒர்க்‌ஷாப் வேலை. அங்கே போய், "காயிலும் பிளக்கும் மாற்றிப் பார்த்தாச்சு" என்று சொல்லுங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ பிடுங்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் ஷாக் அடிக்கும்.
* டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதன் ஃப்யூயல் லைனில் பிரஷர் மிக அதிகம், கை வைக்காதீர்கள்.
* பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

எங்கள் காரில் காயிலை மாற்றிப் போட்டதும் பி0303 வந்தது. ஒரே ஒரு காயில்! பிளக்குகள் 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்ததால் நான்கையும் மாற்றினோம். எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகவில்லை. நல்லவேளை, கன்வெர்ட்டர் தப்பித்தது.

அடுத்த வாரம் அக்காவைப் பார்க்க மறுபடி விழுப்புரம் போனோம். "லைட் மினுக்குனா சொல்லு, உடனே நிறுத்திடலாம்" என்றார் அப்பா, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மூன்று முறை!