எடை பார்த்தது சரி, சுவத்துல ஏன் ஒட்டினீங்க?



போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னை வைத்து ஒரு பட்டிமன்றமே நடந்துவிட்டது. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்கள். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு வரியில் நிறுத்துகிற வாத்தியார் நான் இல்லை என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் பத்து வருடமாக ஒரு மருத்துவ ஆய்வு நடக்கிறது. குறிப்பிட்ட சில வீடுகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள். எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். இந்த முறை வந்த இரண்டு பெண்களும் புதிதாக ஒரு படிவம் நீட்டினார்கள். "உங்கள் பெயரை நீக்கிவிட்டு, உங்கள் விவரங்களை மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்டிருந்தது. ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் "ஆம்" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குத்தான் இத்தனையும். "அப்பா, யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க? நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கையில போய்ச் சேரும்" என்றாள் மகள். "மாமா, வெளிநாட்டுக்காரன் நம்ம ரத்தத்தை வெச்சு மருந்து கண்டுபிடிச்சு நமக்கே விப்பான்" என்றார் மைத்துனர். "பேத்திக்கு வரன் பாக்குறப்போ, அவங்க வீட்ல எல்லாருக்கும் சுகராமேன்னு யாராவது பேசினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. இந்த மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பதில் சொல்வதற்கு முன்னால் என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த சிலருக்கு இது நினைவிருக்கும்.

1986 முதல் 2008 வரை, நான் வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம், ஜூன் மாதமும் ஜனவரி மாதமும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் எடுத்து நோட்டில் எழுதி வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஆசிரியர் பயிற்சியில் சுகாதாரப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், பிள்ளை வளர்கிறதா என்று பார்ப்பதும் உன் வேலைதான் என்று சொல்லியிருந்தார். அது மனதில் தங்கிவிட்டது.

ஆரம்ப வருடங்களில் ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் எடையைப் பெரிய சார்ட்டில் பெயரோடு எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். பெற்றோர் பார்த்தால் அக்கறை வரும் என்று நினைத்தேன். ஒரு பையன் 16 கிலோ இருந்தான். மறுநாளிலிருந்து அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. "பதினாறு கிலோ, பதினாறு கிலோ" என்று விளையாட்டு மைதானத்தில் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் அம்மா நெல் அறுக்கும் வேலையை விட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். கையில் அரிவாள் இருந்தது, குரலில் கோபம் இல்லை. "சார், எடை பாத்தது சரி. அதை சுவத்துல ஏன் ஒட்டினீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே சார்ட்டைக் கிழித்தேன். ஆனால் பிள்ளைகள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கிழிக்க முடியவில்லை.

இது என் முதல் தவறு. அடுத்தது இதற்கு நேர் எதிரானது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய் நோட்டுகளை யாரிடமும் காட்டவில்லை. தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். 22 வருடக் கணக்கு அது. சத்துணவில் முட்டை சேர்ந்த பிறகு பிள்ளைகளின் எடை கூடியதா, பெண் பிள்ளைகளின் வளர்ச்சி எந்த வயதில் தடைப்பட்டது, மழை பொய்த்த வருடத்தில் என்ன ஆனது, எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்திருக்கும். ஓய்வு பெற்று வீடு மாறும்போது பெட்டியைத் திறந்தேன். கறையான் தின்று தீர்த்திருந்தது. அத்தனை பிள்ளைகளைத் தராசில் ஏற்றி இறக்கியது யாருக்கும் உதவாமல் போனது.

ஆகவே, ஆய்வு விவரங்களைப் பகிரலாமா கூடாதா என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்கு அந்தச் சுவரும் ஞாபகம் வரும், கறையானும் ஞாபகம் வரும்.

இனி உலகத்தில் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய பிரஷர் 300/190 என்று பதிவாகியிருக்கிறது. வயதானால் பிரஷர் ஏறுவது இயற்கைதானே என்று பல மருத்துவர்கள் நினைத்த காலம் அது. மூன்று வருடம் கழித்து, 1948ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஊர் மக்கள் 5,209 பேர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தங்களைப் பரிசோதித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். 1971ல் அவர்களுடைய பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002ல் பேரப்பிள்ளைகள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் மூன்றும் மாரடைப்புக்கு வழிவிடும் என்று இன்று டீக்கடையில்கூடப் பேசுகிறோமே, அது உறுதிப்பட்டதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. காலையில் நான் போடும் பிரஷர் மாத்திரைக்குப் பின்னால் முன்பின் தெரியாத அந்த 5,209 பேர் இருக்கிறார்கள்.

அந்த ஆய்வு விவரங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 2000ஆம் ஆண்டில், அவற்றைத் தொகுத்துக் காசாக்க ஒரு தனி நிறுவனம் தொடங்கத் திட்டம் போட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் இலவசமாகக் கொடுத்த விவரம் எப்படி ஒரு கம்பெனியின் சொத்தாகும் என்ற கேள்வி எழுந்தது. பணம் கொடுத்த அரசு அமைப்போடு உடன்பாடு எட்டாமல் அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. இன்று வெளி ஆய்வாளர்களும் விண்ணப்பம் போட்டு, யார் யார் என்று கண்டுபிடிக்க முயலமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அந்த விவரங்களைப் பெறலாம்.

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. மின்னசோட்டா மாநிலத்தில் 1968 முதல் 1973 வரை, அரசு மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்த 9,423 பேரை வைத்து உணவுக் கொழுப்பு பற்றி ஓர் ஆய்வு நடந்தது. வெண்ணெய் போன்ற கொழுப்புக்குப் பதில் மக்காச்சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கிய முடிவு வெளிவந்ததே 1989ல்தான், அதுவும் முழுமையாக இல்லை. தலைமை ஆய்வாளர் இறந்த பிறகு, அவர் மகன் வீட்டு நிலவறையில் பழைய காந்த நாடாக்களும் காகிதங்களும் கிடைத்தன. அவற்றை மீட்டு 2016ல் வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தும் அந்தக் குழுவில் சாவு எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வெண்ணெயை அள்ளிச் சாப்பிடக் கிளம்பாதீர்கள். ஓர் ஆய்வை வைத்து உணவுப் பழக்கத்தை மாற்றக் கூடாது. நான் சொல்வது வேறு. தங்களுக்காகப் பேச முடியாத நிலையில் இருந்த நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த உண்மை, பல வருடம் ஒரு வீட்டின் அடித்தளத்தில் கிடந்தது. என் தகரப் பெட்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படியென்றால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? கூடாது. அரிசோனாவில் ஹவசுபாய் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1990 முதல் அவர்களிடம் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று சொல்லி ரத்தம் எடுத்தது ஒரு பல்கலைக்கழகம். அதே ரத்தத்தை மனநோய் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தியது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். 2010ல் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. ரத்தம் கொடுக்க அவர்கள் மறுக்கவில்லை. ஒன்றைச் சொல்லி வாங்கி இன்னொன்றுக்குப் பயன்படுத்தியதுதான் அவர்களைச் சுட்டது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதையும் நான் அப்படியே நம்பவில்லை. 1990களில் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லதான்யா ஸ்வீனி என்ற மாணவி வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநரின் மருத்துவ விவரத்தையே கண்டுபிடித்துவிட்டார். நம் ஊரில் இவ்வளவு சிரமம்கூட வேண்டாம். "ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரே மகள், ஒரு கண் ஆபரேஷன் ஆனவர்" என்று எழுதினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கண்டக்டர்கூட என் வீட்டைக் காட்டுவார். என் மனைவியின் பயம் வீண் பயம் இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஏன் "ஆம்" என்றேன்? நம் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969 முதல் 1973 வரை இந்த நகரத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள். பல வருடம் கழித்து, அவர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களைப் பெரியவர்களான பின் பார்த்துச் சுகர் பரிசோதித்தார்கள். சிறு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு வேகமாக எடை போட்டவர்களுக்குச் சர்க்கரைப் பிரச்சினை வரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. ஃபிரேமிங்ஹாமில் முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்கள் உடம்பை வைத்து நம் உடம்புக்கு எல்லாம் சொல்லிவிட முடியாது. நம் மண்ணில் எழுதிய கணக்குதான் நமக்குச் சரியாகப் பேசும். அந்தக் கணக்கை ஒரே குழு மட்டும் பார்த்தால், அவர்கள் தவறு செய்தாலும் திருத்த ஆள் இருக்காது. விடைத்தாளை இன்னொருவர் திருத்திப் பார்க்க ஏன் அனுப்புகிறோம்? அதே காரணம்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கவில்லை. படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்டேன். யார் கேட்டாலும் கொடுப்பீர்களா, அல்லது ஒரு குழு பார்த்து அனுமதிக்குமா? இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ வேறு வேலைக்கோ போகாது என்று எழுத்தில் இருக்கிறதா? கண்டுபிடித்ததை எங்களுக்குத் திரும்பச் சொல்வீர்களா? பேசிய டாக்டர் பொறுமையானவர். முதல் இரண்டுக்கும் படிவத்தில் எந்தப் பத்தியில் பதில் இருக்கிறது என்று காட்டினார். பிறந்த தேதியும் தெருப் பெயரும் வெளியே போகாது, வயது மட்டும் போகும் என்றார். விவரத்தைப் பிரதி எடுத்து அனுப்புவதை விட, ஆய்வாளரைத் தங்கள் கணினிக்குள்ளேயே வந்து பார்க்கச் சொல்லும் முறையும் இப்போது பரவி வருகிறது என்று விளக்கினார். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்காமல் நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்வது போல. மூன்றாவது கேள்விக்கு மட்டும் "பார்க்கலாம் சார்" என்றார். அதனால் கையெழுத்துக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "முடிவுகளைத் தமிழில், எங்கள் தெருவுக்கு வந்து சொல்ல வேண்டும்." அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மகளுக்கும் மைத்துனருக்கும் சொல்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. அதற்கு மருந்து கதவைச் சாத்துவது இல்லை, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது. நாளை உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வரலாம். இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் "இல்லை" கட்டத்தில் டிக் அடியுங்கள், தப்பே இல்லை. பதில் வந்தால் கொடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எழுதப்போகும் மாத்திரைச் சீட்டுக்கு அது உதவும்.

கடைசியாக ஒன்று. அந்த மூன்றாம் வகுப்புப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் பட்டால், தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை, கவனித்தாயா? அன்றைக்கு உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது உன்னிடம் கேட்கிறேன். ஒரு முறை பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள். அதை என்னிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்