கார் கீழே இறங்கட்டும், அப்பத்தா கீழே இறங்க வேண்டாம்!

பொள்ளாச்சியில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கார். பெரியப்பா பையன். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கினார். டயருக்கும் அதன் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் நாலு விரல் போகிற இடைவெளி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததாம். ரெண்டாவது மாசமே ஒரு பட்டறையில் விட்டு, நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டி எடுத்துவிட்டார். செலவு ரொம்பக் கம்மி. கார் தரையோடு ஒட்டி, பார்க்க சூப்பராகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் கூட்டி வந்தோம். ஐந்து பேர், டிக்கியில் பைகள். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்சீட்டில் டமார், டமார் என்று அடி. அப்பத்தா ஒரு கையால் கண் கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முன்சீட்டை இறுக்கிக்கொண்டு வந்தது. கிணத்துக்கடவு வருவதற்குள், "கண்ணு, என்னை இங்கயே எறக்கி உட்ரு, நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்றது. அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

அன்றைக்கு ஆரம்பித்த ஆராய்ச்சிதான் இது. பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்பிரிங் எதற்கு என்று மெக்கானிக்கல் பசங்க சிரிக்கலாம். கணக்கு சரியாக இருந்தால் சரி :-)

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. "காரை இறக்கவே கூடாது" என்பது அப்பாக்கள் கட்சி. "இறக்கினால் இடிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்பது அண்ணன்கள் கட்சி. என் கருத்து, இரண்டு பேரும் தப்பு. சொகுசைக் கெடுப்பது கார் தாழ்வாக இருப்பது அல்ல. சக்கரம் மேலே எழும்பி வருவதற்கு இருந்த இடத்தை நாம் பிடுங்கிக்கொள்வதுதான்.

எப்படி என்று பார்ப்போம். ஒரு ஸ்பிரிங்கில் வேலை செய்கிற சுற்று ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெட்டினால் ஐந்து. ஸ்பிரிங்கின் கடினம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம் என்பதால் அது 20 சதவீதம் கூடும். ஆனால் கார் ஆடுகிற வேகம் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் அது சுமார் 10 சதவீதம்தான் கூடும். சாதாரண கார்கள் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடுகிற மாதிரி அமைக்கப்படுகின்றன. அதில் பத்து சதவீதம் கூடினால் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். யாரும் பஸ்ஸுக்கு இறங்கி ஓட மாட்டார்கள்.

அப்போது அந்த 'டமார்' எங்கிருந்து வந்தது? ஷாக் அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு மெத்தென்ற கட்டை இருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்குகிற கடைசிக் காவல்காரன் அது. சக்கரம் மேலே வர 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்றால், காரை 40 இறக்கியதுமே பாதி போச்சு. ஐந்து பேர் உட்கார்ந்தால் மிச்சத்திலும் பாதி போகும். அதற்கு மேல் சின்ன மேடு வந்தாலும் காரைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப். அப்பத்தா உட்கார்ந்து வந்தது அதன் மேல்தான்.

ஸ்பிரிங்கை வெட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறக்கூடும்.

ஆக, இறக்கத்தான் வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? நான் புரிந்துகொண்டது இது.

முதலில் அளவு. 25 மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். கண்ணுக்கு அந்த வித்தியாசமே நன்றாகத் தெரியும்.

அடுத்து, ஷாக் அப்சார்பர். காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். பழைய ஷாக் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து செய்தது. கடினமான ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது, மேடு தாண்டிய பிறகும் கார் குதித்துக்கொண்டே போகும். அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான உடல் குட்டையான ஷாக், கூடவே அதற்கேற்ற குட்டை பம்ப் ஸ்டாப், மூன்றும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். ஷாக்கின் உடல் குட்டையானால்தான் தண்டு உள்ளே போக இடம் மிச்சமிருக்கும்.

மூன்றாவது டயர். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். அழகுக்காக 205/45 ஆர்17 போட்டால் 92. சாலைக்கும் உங்களுக்கும் நடுவே இருந்த மெத்தையில் 28 மில்லிமீட்டர் காலி. காரையும் இறக்கி டயரையும் மெல்லிசாக்கினால் இரட்டைத் தண்டனை. ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்திய சாலைகள் பேரவையின் 1988-ஆம் ஆண்டு விதிப்படி அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இருந்தது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். ஸ்விஃப்ட்டின் இரு அச்சுகளுக்கு நடுவே 2.45 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மாதிரி மேட்டின் மேல் நிற்கும்போது நடுவில் முட்டுவது 4.4 செ.மீ.தான். காரின் அடி இடைவெளியோ 16.3 செ.மீ. இறக்கிய கார்கூடத் தாராளமாகத் தாண்டும். ஆனால் எங்கள் தெருவில் இருப்பது இரண்டடி அகலத்தில் ஒரு திண்ணை! அதனால் அளவை முடிவு செய்ய வேண்டியது படத்தைப் பார்த்து அல்ல. உங்கள் தெருவின் மோசமான மேட்டில், காரில் ஐந்து பேர் உட்கார்ந்து, மெதுவாக ஏறிப் பாருங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் கை வைக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். 'உபரிமா ஃபிடே' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, இதுதான் அது. மறைத்தால் விபத்து நாளில் க்ளெய்ம் கையை விரிக்கும்.

அண்ணன் கடைசியில் என்ன செய்தார்? பழைய உயரத்துக்கே புது ஸ்பிரிங், நல்ல ஷாக் நாலு. வெட்டுக்கூலியில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு செலவு. ஆனால் திருப்பங்களில் கார் முன்பைவிட அடக்கமாகப் போகிறது. அவருக்கு வேண்டியதில் பாதி, இறக்காமலேயே ஷாக்கிலேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதி அழகு. அதை ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் அதற்கான விலையைப் பின்சீட்டில் இருப்பவர் கட்டக் கூடாது.

போன வாரம் ஆனைமலைக்குக் கோயிலுக்குப் போனோம். அப்பத்தா வழி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தது.

டிஸ்கி: அந்த நாலு விரல் இடைவெளி இன்னும் அண்ணன் கண்ணை உறுத்துகிறதாம். 25 மில்லிமீட்டர் செட்டுக்குக் காசு சேர்க்கிறார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானும் கூடப் போகணுமாம் :-)