முறிந்த முதுகு யார் கணக்கில்?

பழைய தஞ்சை ஜில்லாவில் சம்பா களத்துக்கு வந்துவிட்டால் அரிசி மில்களுக்கு ஆள் வேண்டும். முதலாளி நேரில் ஆள் பிடிப்பதில்லை, மேஸ்திரியிடம் சொல்கிறார். மேஸ்திரி சுற்றுக் கிராமங்களிலிருந்தும், இப்போது பீகாரிலிருந்தும்கூட ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். நெல்லை ஊறப்போடுவது, அவிப்பது, களத்தில் காயவைப்பது, மூட்டை சுமந்து அட்டி போடுவது எல்லாம் இவர்கள்தான். நேற்றுவரை வயலில் அறுத்தவரே இன்று மில்லில் சுமக்கிறார். கூலி மேஸ்திரி கையால் வருகிறது. மில் ரிஜிஸ்தரில் பெயர் இருப்பதில்லை.

ஒருநாள் பெல்ட்டில் கை சிக்குகிறது. அட்டி சரிந்து முதுகு முறிகிறது. பாய்லர் நீராவி முகத்தை வேகவைக்கிறது. உடனே முதலாளி சொல்கிறார்: "அவன் என் ஆள் அல்ல, மேஸ்திரி ஆள்." மேஸ்திரியோ ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் கொடுத்து, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அரிசி முதலாளியுடையது, லாபம் முதலாளியுடையது. முறிந்த முதுகு மட்டும் மேஸ்திரி கணக்கா?

இந்தப் பேச்சு சட்டத்தில் செல்லாது என்பதை எத்தனை தொழிலாளிகள் அறிவார்கள்? 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவே இதைத் தீர்த்துவிட்டது. தன் தொழிலில் வழக்கமாக நடக்கும் வேலையை முதலாளி காண்டிராக்டரிடம் விட்டாலும், தன் இடத்தில் அடிபட்டவருக்கு, நேரில் வைத்த ஆளுக்குக் கொடுப்பதுபோலவே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. நெல் அவிப்பது அரிசி மில்லின் வழக்கமான வேலை அல்ல என்று எந்த வக்கீல் வாதாடுவார்? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு நீடிக்கிறது.

வெள்ளைக்கார சர்க்கார் தொழிலாளி மேல் அன்பு கொண்டு இதைச் செய்துவிடவில்லை. 1897-லேயே இங்கிலாந்தின் சட்டத்தில் இருந்த ஷரத்துதான் இது. காண்டிராக்டர் முதுகுக்குப் பின்னால் முதலாளி ஒளிவது அங்கேயே பழைய வித்தை. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி மலாயா தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கொண்டுபோன கங்காணியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

1978-ல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தத் திரையைக் கிழித்தது. அது வேலை மறுப்பு வழக்கு; நஷ்டஈட்டு வழக்கு அல்ல. ஆனாலும், தொழிலாளி செய்யும் சரக்கு யாருடைய வியாபாரத்துக்கோ அவரே உண்மையான முதலாளி, நடுவில் காண்டிராக்டர் நிற்பதால் அது மாறாது என்றது தீர்ப்பு. எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்தவர் அவர்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. நஷ்டஈட்டை மேஸ்திரி கொடுத்த கூலியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கமிஷன் பிடித்துக் குறைத்த கூலி, செத்த பின்பும் குடும்பத்தைக் குறைக்கிறது. முதலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத ரோட்டில் லாரி கவிழ்ந்தால் அவர் நழுவ வழியிருக்கிறது. 1970-ம் வருஷத்துக் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பு அதை 50 ஆக்கிவிட்டது. முப்பது பேர் வேலை செய்யும் மில்லுக்கு இது எப்பேர்ப்பட்ட சலுகை! இதைக் காட்டி நஷ்டஈடும் கிடையாது என்று ஏமாற்றப் பார்ப்பார்கள். நஷ்டஈட்டுக்குத் தலை எண்ணிக்கை கிடையாது. ஒரே ஒரு ஆள் அடிபட்டாலும் பொறுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. உள்ள மில்லானால் உதவியை அங்கே கேட்க வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டியவர் மில் முதலாளியே.

ஆகவே தோழர்களே, வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதும் தாள் செல்லாது என்று 1923 சட்டமே சொல்லிவிட்டது. சாவு நேர்ந்தால் நஷ்டஈட்டுத் தொகையை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மேஸ்திரி திண்ணையில் எண்ணி வைக்கும் பணத்தால் முதலாளியின் கடன் தீராது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மில்லின் பெயரைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். பக்கத்தில் நின்றவர்களைச் சாட்சியாக வைத்து, அன்றைக்கே யூனியனுக்குச் சொல்லுங்கள். மனுவில் எதிர்மனுதாரராக முதலில் மில் முதலாளியின் பெயர் வரட்டும். மேஸ்திரியின் பெயர் இரண்டாவது.