பாரி கவாத்து செய்திருப்பானா?

குருபரப்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைத்து அங்கேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர், பெங்களூரிலிருந்து கிளமாட்டிஸ் கொடி ஒன்றை வாங்கி வந்து வாசலில் நட்டார். ஜாக்மனி என்னும் வகை. 1860களில் இங்கிலாந்தின் வோக்கிங் ஊர் ஜாக்மன் பண்ணையிலிருந்து உலகெங்கும் பரவிய ஊதா நிறக் கலப்பினம். ஏப்ரல் முடிவதற்குள் கருகிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

வருந்த வேண்டியது கொடிக்காக அல்ல, தேர்வுக்காக என்பது என் கட்சி. கிளமாட்டிஸின் தலைக்கு வெயில் வேண்டும், வேருக்குக் குளிர்ச்சி வேண்டும். போதாததற்கு ஆண்டுக்கொருமுறை நல்ல குளிரில் உறங்கியும் எழ வேண்டும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் ரோஜா செழிப்பதைப் பார்த்துவிட்டு, சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரியை நோக்கிச் சரிந்து இறங்கும் குருபரப்பள்ளியிலும் அதே குளுமையை எதிர்பார்ப்பது பிழை. கிளமாட்டிஸ் குலமே நமக்கு அந்நியம் என்று சொல்லவில்லை. கௌரியானா என்ற வெண்பூ இனம் நம் மலைக்காடுகளில் தானாகவே படர்கிறது. அதை விற்கும் நாற்றங்கால் எதையும் நான் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை, அவர் வீட்டுச் சுற்றுச்சுவரிலேயே பழைய முல்லை ஒன்று இருந்தது. சுள்ளியும் சிக்குமாக, உச்சியில் மட்டும் நாலு பூவோடு. வெட்டிவிடுங்கள் என்றேன். நண்பர் சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர். "பாரி தேர் கொடுத்த கொடிக்கு நான் கத்தி கொடுப்பதா?" என்றார்.

நம்மில் பலருக்கு இந்த நோய் உண்டு. சிறுபாணாற்றுப்படை முதல் பள்ளிப் பாடநூல் வரை அந்தத் தேரைப் பார்த்துப் பழகியதில், முல்லை என்றாலே இரக்கத்துக்குரிய ஒன்றாக மனத்தில் பதிந்துவிட்டது. தேர் கிடைத்த மறு ஆண்டு அந்தக் கொடி என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பற்றுச்சுருள் கிடையாது, பற்றுக்கோல் தேவைதான். ஆனால் பறம்புமலையில் மானும் ஆடும் மேய்ந்து அதைக் குறைத்திருக்கும். நம் சுற்றுச்சுவருக்குள் மேய யார் இருக்கிறார்கள்?

முல்லை புதுத்தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். ஆகவே ஜனவரிக் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவது வழக்கம். குண்டுமல்லிக்கு நவம்பர்க் கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர்க் கடைசி. காய்ந்ததையும் நோய்ப்பட்டதையும் களைந்து, தொழுவுரம் இட்டு, தண்ணீர் விட வேண்டும். நண்பரின் ஜாக்மனிக்கும் இதே விதிதான். குளிர்காலம் முடியும் தறுவாயில் அதையும் அடியோடு குறைப்பார்கள். பழைய தண்டில் பூக்கும் மோன்டானா கிளமாட்டிஸை அப்படி வெட்டினால் அந்த ஆண்டுப் பூவே போய்விடும், பூத்து ஓய்ந்தபின்தான் கை வைக்கலாம். எந்தக் கொடியானாலும் அது பூப்பது பழைய தண்டிலா புதுத்தண்டிலா என்று கேட்டுக்கொண்ட பிறகே கத்திரியை எடுக்க வேண்டும். கவாத்தில் பாதி இதுதான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த முல்லை ரகம் ஒன்றுக்குப் பாரிமுல்லை என்று பெயர். பெயர் வைத்தவரின் ரசனையை மெச்ச வேண்டும். அதையும் ஆண்டுதோறும் வெட்டத்தான் சொல்கிறார்கள்.

நான் சொல்லிக் கேட்காத நண்பர், தெருமுனையில் பூக்கட்டும் அம்மாள் சொல்லிக் கேட்டார். சுவரை அண்ணாந்து பார்த்த அந்த அம்மாள், "வெட்டாம வெச்சிருந்தா பூ எங்க சார் வரும்?" என்றாராம். போன ஜனவரியில் அவரே கத்தியோடு வந்து முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நண்பர் அந்த நேரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலையில் வெளியே வந்தபோது, வெட்டிப்போட்ட கொடியை எதிர்வீட்டு ஆடு தின்றுகொண்டிருந்ததாம்.