தூர் பிரிக்கும் வேலையை யார் செய்வது?

சர்க்கரை நோய் உறுதியானதும் சில இல்லங்களில் பெரியவர்களிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது இனிப்பு, அடுத்தது தோட்டம். "இனி மண்ணில் கை வைக்காதீர்கள்" என்று பிள்ளைகள் அன்போடு விதிக்கும் தடையை மருத்துவர்களாகிய நாங்கள் முழுமையாக ஏற்பதில்லை. விலக்க வேண்டியவை சில வேலைகள் மட்டுமே.

புதிதாகக் கட்டிய வீட்டின் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு நட்ட வேம்பு இன்னும் நிழல் தருவதில்லை. மேற்கு மதிலோரம் வைத்த பெரணியும் அக்லோனிமாவும் பிற்பகல் வெயிலில் கருகுகின்றன. கிழக்குத் திண்ணையோரத்திலோ பீஸ் லில்லி தொட்டி கொள்ளாமல் நெருக்கியடித்து நிற்கிறது. இவற்றைத் தூர் பிரித்து இடம் மாற்ற, வெயில் தணிந்து மண் நெகிழும் மழைக்காலத் தொடக்கமே ஏற்றது. சிக்கலும் அங்கேதான். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மழைக்காலத்தில்தான் மிகுதி. கீறல் வழியே உடலில் நுழையும் அக்கிருமி சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்குகிறது. நுரையீரல் அழற்சியும் உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளும் உண்டாகலாம். பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காலில் முள் தைத்ததும் தெரியாது.

ஆகவே, தோண்டும் வேலையை இளையவர்கள் ஏற்கட்டும். வேரைச் சுற்றிய மண்ணை உதறி, நீரில் அலசித் தருவதும் அவர்கள் பொறுப்பே. பெரியவர் மேசையருகே அமர்ந்து, கையில் புண் இல்லையெனில், கையுறையும் மூடிய காலணியும் அணிந்து தூரைப் பிரிக்கலாம். இச்செடிகளுள் அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகியவற்றின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன; தோலும் கண்ணும் எரியும் என்பதாலும் கையுறை தேவை. ஒவ்வொரு பிரிவிலும் வேரோடு இரண்டு மூன்று தளிர்களாவது இருக்கட்டும். முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு நீர் விட்டால் போதும். பீஸ் லில்லி முதல் சில நாள்கள் துவண்டு நிற்கும். அதைக் கண்டு மேலும் மேலும் நீர் ஊற்றி வேரை அழுகவிடுவதுதான் பலரின் வழக்கம்!

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு சில மாதங்களே ஆனவர்களுக்கும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கும் இச்சலுகை பொருந்தாது. எந்தச் செடி எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள் தள்ளியிருந்து முடிவு செய்யலாம். அந்த உரிமையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மண்வேலைக்குப் பின் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், தோட்டத்தில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும்.