கொடுக்கும் கையும் வாங்கும் குழந்தையும்

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அது கொடுப்பவனுக்குச் சொன்ன புத்திமதி. வாங்குகிறவனுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. கொடுப்பது எந்த ஊர்க் கை, எந்த மதத்துக் கை என்று பார்த்து வாங்கப் பசி இடம் கொடுக்காது. அதிலும் வாங்குவது ஆறு வயதுக் குழந்தையானால் சொல்லவே வேண்டாம்.

கிறிஸ்தவ தர்ம ஸ்தாபனங்கள் ஏழைக் குழந்தைகளுக்குச் செய்யும் தொண்டைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள்தான் உண்டு. ஒரு சாரார், "புண்ணியவான்கள்!" என்று கைகூப்புகிறார்கள். மற்றொரு சாரார், "எல்லாம் மதம் மாற்றுகிற தந்திரம்" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தக் குழந்தை பிற்பாடு என்ன ஆயிற்று என்று இரு சாராரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

கந்தல் மூட்டைகள்

1952-ம் வருஷம். கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எவரெட் ஸ்வான்ஸன் என்ற அமெரிக்கப் பாதிரியார், படை வீரர்களுக்கு உபதேசம் செய்வதற்காக அங்கே போயிருந்தார். ஒரு நாள் காலையில், தெருவில் கிடந்த கந்தல் மூட்டைகளைச் சிலர் பொறுக்கி லாரியில் எறிந்துகொண்டிருந்தார்களாம். கிட்டப் போய்ப் பார்த்தார். மூட்டைகள் அல்ல, இரவுக் குளிரில் விறைத்துச் செத்துப்போன அனாதைக் குழந்தைகள்! அவர் ஆரம்பித்த ஸ்தாபனம் தன் பிறப்பைப் பற்றி இன்றும் சொல்லி வரும் வரலாறு இது.

ஊர் திரும்பியவர், கண்டதைச் சபை சபையாகச் சொல்லிப் பணம் திரட்டினார். 1954-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார். பொதுவாக 'அனாதைகளுக்கு' என்று உண்டியல் குலுக்குவதை விட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை என்று பிரித்துக் கொடுத்தார். அந்தக் குழந்தையின் பெயரும் படமும் அவர்கள் கைக்குப் போகும். மாதாமாதம் அதற்கென்று பணம் அனுப்புவார்கள்; கடிதம் எழுதுவார்கள். குழந்தையும் பதில் எழுதும். 1963-ல் ஸ்தாபனத்துக்கு 'கம்பேஷன்' என்று பெயர் வந்தது. பசித்த ஜனக்கூட்டத்தைக் கண்டு இயேசுநாதர் மனமிரங்கினார் என்ற சுவிசேஷச் செய்தியிலிருந்து எடுத்த பெயர். 1965-ல் ஸ்வான்ஸன் காலமானார். அவர் போட்ட விதையோ இன்று 25-க்கு மேற்பட்ட தேசங்களில், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நிழல் தருகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நல்ல எண்ணம் இருந்தால் நல்ல பலன் வந்துவிடும் என்பதில்லை. தர்மத்துக்குக் கொட்டிய பணம் தண்ணீரில் கரைத்த உப்பாய்ப் போன கதைகள் ஏராளம். ஆகவே, புரூஸ் வைடிக் என்ற பொருளாதாரப் பேராசிரியர், இரு சகாக்களுடன் இதைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டார். இந்தியா, பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா, பொலிவியா, குவாட்டமாலா ஆகிய ஆறு தேசங்களில், 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி விசாரித்தார்கள். முடிவுகள் 2013-ல் வெளியாயின.

அவர்கள் கையாண்ட வழி ரசமானது. இந்த உதவி ஓர் ஊருக்கு வரும்போது, சுமார் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே ஒரே வீட்டில் தம்பிக்கு உதவி கிடைக்கும். வயது கடந்துவிட்ட அண்ணனுக்குக் கிடைக்காது. ஒரே தாய் தகப்பன், ஒரே குடிசை, ஒரே கஞ்சி. இருவரும் வளர்ந்து ஆளான பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை அதிகமாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 100-க்கு 12 முதல் 18 பேர் வரை கூடுதல். பெரியவர்களான பிறகு ஆசிரியர் வேலை, குமாஸ்தா வேலை போன்ற உத்தியோகங்களுக்குப் போனவர்களும் அதிகம். ஒரு வருஷப் படிப்பு என்ன பிரமாதம் என்று கேட்கக்கூடாது. கூலிக்காரன் வீட்டுப் பையனுக்கு அந்த ஒரு வருஷம்தான் பாறையைப் பிளக்கும் உளி.

இந்தப் பலன் எதனால் வந்தது? புத்தகம், சீருடை, வைத்தியம், வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மாலை வகுப்பு—இவை எல்லாம் உண்டு. ஆனால் அவற்றோடு நம்பிக்கையும் ஒரு காரணம் என்பது பேராசிரியரின் எண்ணம். "நீ படிப்பாய், நன்றாக வருவாய்" என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தையின் மனசு நிமிர்கிறது. தரித்திரம் பையில் மட்டும் இருப்பதில்லை. "நமக்கு இவ்வளவுதான்" என்று நெஞ்சிலும் குடியேறி விடுகிறது. அதை அங்கிருந்து கிளப்ப, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு மனிதக் குரல் வேண்டும்.

மறுபக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தை மறைப்பது நியாயமல்ல.

தம்பிக்குக் கடிதமும் பரிசும் வருகிறது. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பேராசிரியருக்கு அது ஆராய்ச்சிக்கு வசதி. அண்ணனுக்கோ நெஞ்சில் முள். குழந்தையின் படம் முன்பின் தெரியாதவர்கள் கையில் சுற்றுகிறது. எழுதப் பழகியதும் அது எழுதுவது நன்றிக் கடிதம். நன்றி நல்ல குணம்தான். ஆனால் அதையே பாடமாகப் படித்து வளரும் பிள்ளை, தன்னைத் தாழ்ந்தவனாக நினைத்துக்கொள்ளும் அபாயம் இல்லையா?

மதத்தின் விஷயத்துக்கு வருவோம். இந்த ஸ்தாபனம் அந்தந்த ஊர்ச் சபைகளின் மூலமாகவே வேலை செய்கிறது; படிப்போடு வேதமும் சொல்லிக் கொடுக்கிறது. அதை அது ஒளிப்பதும் இல்லை. எல்லா மதத்துக் குழந்தைகளையும் ஏற்கிறோம், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று சொல்கிறது. ஆனாலும் சோறு போடுகிறவர் சொல்வதை மறுத்துப் பேச எந்தக் குழந்தைக்குத் துணிவு வரும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எல்லாம் துவேஷிகள் என்று தள்ளிவிட முடியாது.

நம் தேசத்தில் அந்தச் சந்தேகமே முற்றிவிட்டது. 2016-ல் மத்திய சர்க்கார், இந்த ஸ்தாபனத்திலிருந்து வரும் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று உத்தரவிட்டது. மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்பது குற்றச்சாட்டு. ஸ்தாபனம் அதை மறுத்தது. கடைசியில் 2017 மார்ச்சில், 48 வருஷ வேலையை மூட்டை கட்டிக்கொண்டு அது வெளியேறியது. அப்போது அதன் உதவியில் இருந்த குழந்தைகள் சுமார் 1,45,000 பேர்.

வெளிநாட்டுப் பணம் எங்கே போகிறது என்று கேட்க சர்க்காருக்கு உரிமை உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பெரியவர்கள் வழக்காடும்போது, நடுவில் ஒரு குழந்தையின் தட்டு காலியாகிறதே, அதற்கு யார் பொறுப்பு? தடுக்கிற கை, தடுத்த இடத்தில் தான் ஒன்றை வைத்துவிட்டல்லவா தடுக்க வேண்டும்?

வைக்க முடியாது என்பதில்லை. 1956-ல் காமராஜ் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பரவியது. 1982-ல் அது சத்துணவாகப் பெருகியது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. அந்தச் சோற்றுக்கு எந்தக் குழந்தையும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அது தர்மம் அல்ல, உரிமை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வரிசைதான். தனியார் தர்மம் எவ்வளவு பெரிதானாலும் இந்த இடத்தை எட்டாது. ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லித் தட்டிக் கொடுப்பது சர்க்கார் பாத்திரத்தில் வேகிற பண்டம் அல்ல. அது மனிதர்கள் தர வேண்டியது.

நல்ல தர்மத்துக்கு அடையாளம்

எந்த மதத்தினர் செய்தாலும் தர்மத்தை மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். கொடுத்ததற்குப் பதிலாகக் குழந்தையின் மனச்சாட்சியைக் கேட்கிறதா? குழந்தையின் வறுமையைக் கடைச்சரக்காக்குகிறதா? தான் தேவையில்லாமல் போகும் நாளை எதிர்பார்க்கிறதா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றும், மூன்றாவதற்கு 'ஆம்' என்றும் பதில் வந்தால், அந்தக் கை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நமக்குச் சம்மதம்.

மூன்றாவது கேள்விக்குச் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. கந்தல் மூட்டையாய்க் குழந்தைகள் செத்துக் கிடந்த அதே கொரியாவில், 1993-ல் இந்த ஸ்தாபனம் தன் வேலையை முடித்துக்கொண்டது. உதவி தேவைப்படவில்லை. அந்தத் தேசத்தை உயர்த்தியது நிலச் சீர்திருத்தமும் பள்ளிக்கூடமும் அந்த ஜனங்களின் உழைப்புமே. தர்மம் மட்டும் அல்ல. ஆனாலும் 2003-ல் அங்கே மறுபடி ஒரு காரியாலயம் திறந்தார்கள், வாங்குவதற்கு அல்ல, கொடுப்பதற்கு! இன்று கொரியக் குடும்பங்கள் வேறு தேசத்துக் குழந்தைகளுக்குப் பணம் அனுப்புகின்றன, கடிதமும் எழுதுகின்றன.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான்? அவன் பெயர் என்ன? கடல் தாண்டிக் கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தங்கள் குழந்தையின் பெயர் தெரியும். வெளியூர்க் கை வேண்டாம் என்று சொல்பவர்கள், முதலில் இந்த ஒரு பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?